மிளகு நத்தையைப் போட்ட கை

என் அண்ணன் காலையிலிருந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான், மடியில் ஒரு காலி வாளியோடு. நூலகத்துக்குள் வாளி கொண்டுவரக் கூடாது என்று எங்கேயும் எழுதிப் போடவில்லை. எழுத வேண்டிய நிலை வரும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? வாசலில் காவலாளி அதை வாங்கி வைக்கக் கை நீட்டியிருக்கிறார். இவன் கொடுக்கவில்லை. அவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க அண்ணன்னு ஒருத்தர் வந்திருக்காரும்மா, கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கார்" என்றார். ஒரு மாதிரிதான். மறுநாள் காலையில் அவனுக்கு விசாரணை.

"நீ தேடு பாப்பா. நான் பேசாம உட்கார்ந்திருக்கேன்" என்றான்.

பேசாமல் உட்கார்ந்திருக்கிறவனைப் போல ஒரு தொந்தரவு உலகத்தில் கிடையாது. நான் விசைப்பலகையில் கை வைக்கும்போதெல்லாம் அவன் கழுத்து நீளும். கையை எடுத்தால் சுருங்கும். சும்மாவா அவன் பாடம் நடத்தும் கல்லூரியில் அவனை 'நத்தை வாத்தியார்' என்கிறார்கள்?

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் நூலகத்தில் பழைய அறிவியல் சஞ்சிகைகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்கிறோம். கணினி அந்தப் படங்களை எழுத்துகளாக மாற்றும். அந்த எழுத்துக் குவியலில் எங்கெல்லாம் ஒரு பூச்சிக்கோ செடிக்கோ நத்தைக்கோ உரிய அறிவியல் பெயர் வருகிறதோ, அதையெல்லாம் தானாகக் கண்டுபிடித்து, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று காட்டுகிற நிரல் ஒன்றை நானும் எங்கள் பிரிவுத் தலைவரும் எழுதியிருக்கிறோம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மோப்பக்காரன்.

அறிவியல் பெயர் என்றால் இரண்டு லத்தீன் சொற்கள், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் பழைய ஆசிரியர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. முதல் தடவை இரண்டு சொல்லையும் முழுதாக எழுதுவார்கள். அடுத்த வரியிலிருந்து முதல் சொல்லை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிடுவார்கள், நாம் அப்பா பெயரை இனிஷியலாகச் சுருக்கிக்கொள்வதைப் போல. அந்த இனிஷியல் யாருடைய அப்பா என்று மோப்பக்காரன் பல பக்கங்கள் பின்னால் போய்த் தேட வேண்டும். போதாக்குறைக்கு ஒரே நத்தைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். அந்தப் பெயர்களையெல்லாம் அண்ணன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். அத்தனையையும் போட்டுத் தேடியாகிவிட்டது.

எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் ஊற்றுக்குளத்தில் மிளகு நத்தை முன்காலத்திலும் இருந்தது என்று, செத்துப்போன யாராவது ஒருவர் எங்கேயாவது அச்சில் எழுதியிருக்க வேண்டும்.

மிளகு நத்தை என்பது அண்ணன் வைத்த செல்லப் பெயர். கறுப்பாக, மிளகு அளவுக்குத்தான் இருக்கும். உலகத்திலேயே இல்லை, அழிந்துவிட்டது என்று புத்தகங்கள் கைகழுவிவிட்ட உயிர். மூன்று மழைக்காலத்துக்கு முன் அண்ணன் அதை அந்தக் குளத்தில் கண்டுபிடித்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சட்டை முழுக்கச் சேறாக, அண்ணியைத் தூக்கிச் சுற்றினான். அண்ணி துவைத்து மடித்துக்கொண்டிருந்த துணியெல்லாம் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.

பணிமனையை விரிவாக்குவதற்கு அந்தக் குளத்தை மூட வேண்டும். எங்கள் நீர்நிலை வாரியத்தின் விதிப்படி, அரிய உயிர் ஒன்று இயற்கையாக வாழும் நீர்நிலையை மூட முடியாது. 'இயற்கையாக' என்ற சொல்லுக்குத்தான் எல்லாக் கனமும். மனிதர் கொண்டுவந்து விட்ட உயிர் கணக்கில் வராது. நியாயமான விதிதான். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் மேல் கோபம் வந்தால் அவன் கிணற்றில் அரிய மீன் ஒன்றை விட்டுவிட்டு வழக்குப் போடலாம். இந்த விதி வேண்டும் என்று வாரியத்தின் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் என் அண்ணனும் ஒருவன்.

அதே விதியை எடுத்து அவன் கழுத்தில் வைத்தார்கள். பணிமனைக் காவலாளி தன் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று இருந்தது. குளத்துக் கரையில் அண்ணன், கையில் இந்த வாளி. சோதித்துப் பார்க்கக் குளத்துத் தண்ணீர் எடுக்கப் போன நாள் அது. வாளி குளத்துக்குள் போகிறதா, குளத்திலிருந்து வருகிறதா என்று ஒரு படம் சொல்லுமா? எதிர்த்தரப்பான பணிமனையின் வக்கீல் சொல்லவைத்தார். இத்தனை காலமாக ஒருவர் கண்ணிலும் படாத நத்தை, நத்தை வாத்தியார் கண்ணில் மட்டும் பட்டது எப்படி? எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருக்கிறார். புகழுக்காக.

முதல் விசாரணை முடிந்து படியிறங்கும்போது அந்த வக்கீல் அண்ணனின் தோளில் கை போட்டு, ரொம்ப அன்பாக, "சார், நான்தான் போட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திடுங்க. கல்லூரிக்கு நாங்க எதுவும் சொல்ல மாட்டோம். எல்லாருக்கும் நிம்மதி" என்றார். அண்ணன் வீட்டுக்கு வந்து கழுவுதொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தான்.

கல்லூரி அவனை வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மாணவர்கள் கரும்பலகையில் வாளி வரைகிறார்களாம். நாளைக்கும் கைவசம் ஒன்றும் இல்லாமல் போனால் குளமும் போகும், இவன் ஏமாற்றுக்காரன் என்பதும் தீர்ப்பாக எழுதப்பட்டுவிடும்.

மதியம் அண்ணி கூப்பிட்டார். நான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனேன்.

"கெடச்சுதா?"

"இல்ல அண்ணி. தேடிட்டே இருக்கேன்."

"சாப்பிட்டாரா?"

"வாங்கி வச்சேன். தொடல."

அண்ணி பிறகு, "மொட்டை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டு வந்துட்டேன். எதுக்குன்னு கேக்காதே. அவரைத் தனியா எங்கயும் விட்டுடாதே, சரியா?" என்றார்.

என் அண்ணி எதற்கும் அசைகிற ஆள் இல்லை. குளியலறையில் நத்தை, சமையலறையில் நத்தை, குளிர்பெட்டியில் பாலுக்குப் பக்கத்தில் சேற்று பாட்டில் என்று வாழ்ந்தவர். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு நத்தை ஓட்டைக் கட்டிக்கிட்டிருந்தா மழைக்காவது ஒதுங்கியிருப்பேன்" என்று சொல்லிச் சிரிக்கிறவர். அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.  நடைபாதைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"அண்ணி என்ன சொன்னா?"

"சாப்பிடச் சொன்னாங்க."

இந்த ஊரில் பழைய காலத்திலேயே இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்று இருந்தது. பாதிரியார், தபால்காரர், பல் வைத்தியர் என்று வேலைவெட்டி இருந்தும் பூச்சி பிடிக்கப் போனவர்கள். அவர்கள் நடத்திய சஞ்சிகை முழுவதும் எங்களிடம் ஸ்கேன் ஆகியிருந்தது. இருந்தால் அதில்தான் இருக்க வேண்டும். மோப்பக்காரன் அதில் ஊர் நத்தை உலக நத்தையெல்லாம் காட்டினான். ஆற்று நத்தை, சுவர் நத்தை, யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் வளர்த்த நத்தை. மிளகு நத்தையும் ஓரிடத்தில் வந்தது, மலைச்சரிவில் உள்ள ஊற்றில் இருப்பதாக. அந்த ஊற்று மூடப்பட்டு அதன்மேல் இப்போது ரயில் பாதை ஓடுகிறது. எங்கள் குளம் மட்டும் எங்கும் இல்லை.

"ஒரு தடவை மறுபடி ஓட்டிப் பாரேன்" என்றான் அண்ணன்.

"ஓட்டினா அதேதான் வரும். அது மெஷின் அண்ணா. உன்னை மாதிரி மனசு மாறாது."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் வாளியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

வேறு வழி தெரியாமல், கையாலாகாத கோபத்தில், சஞ்சிகையின் படங்களை நானே ஒவ்வொன்றாகத் திறந்து புரட்டத் தொடங்கினேன். மோப்பக்காரனை எழுதியவள் கண்ணால் பக்கம் புரட்டுவது, துவைக்கும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு கல்லில் அடிப்பதற்குச் சமம். ஆனாலும் புரட்டினேன். கட்டுரைகள் முடிந்ததும் ஒவ்வொரு இதழின் கடைசியிலும் சின்ன எழுத்தில் சில பக்கங்கள் வந்தன. சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைகள். யார் யார் வந்தார்கள், யார் தலைமை, யார் வர முடியாததற்கு வருத்தம் தெரிவித்தார் என்று. நடுவில், இன்ன உறுப்பினர் ஒரு வண்டைக் கொண்டுவந்து காட்டினார் என்று ஒரு வரி. வண்டின் லத்தீன் பெயர், முழுதாக, சாய்ந்த எழுத்தில்.

அந்த வண்டை மோப்பக்காரன் எடுத்திருக்கிறானா என்று பார்த்தேன். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று பார்த்தேன். அந்தப் பக்கத்தின்மேல் 'ஆள் பெயர்ப் பக்கம், தவிர்க்கப்பட்டது' என்று குறி இருந்தது.

அந்தக் குறி நாங்களே போட்டது. மோப்பக்காரன் பிறந்த புதிதில் மனிதர் பெயர்களைப் பார்த்தாலே குரைப்பான். இரண்டு சொல், முதல் சொல் பெரிய எழுத்து, கேட்க லத்தீன் மாதிரி இருந்தால் போதும், அவனுக்கு அது ஓர் உயிரினம். வருகைப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பல புதிய இனங்களைக் கண்டுபிடித்ததாக அறிவித்தான். சங்கத்தின் பொருளாளரைச் சிப்பி என்றான். எங்கள் தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒருவர் கேலியாக எழுதிக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. மனிதர் பெயர் மண்டிக் கிடக்கும் பக்கத்தை மொத்தமாக விட்டுவிடு என்று ஒரு விதி போட்டோம். குப்பை குறைந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

விதியை எடுத்தேன். சங்கத்தின் சஞ்சிகையில் மட்டும் மறுபடி ஓடவிட்டேன். அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. வராமல் போனால் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? முதலில் பொருளாளர் வந்தார், பழையபடி சிப்பியாக. செயலாளர் வந்தார். அவர் மனைவி பாசியாக வந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே கீழே போனேன்.

பிறகு அது வந்தது. மோப்பக்காரன் கண்டுபிடித்த பெயரையும் அதற்கு முன்னும் பின்னும் சில சொற்களையும் மட்டும்தான் வெட்டிக் காட்டுவான். மிளகு நத்தையின் பழைய லத்தீன் பெயர், இனிஷியல் இல்லாமல். அதற்குப் பின்னால், 'உயிருடன் காட்டினார். கிழக்கு ஊற்றுக்குளத்தில் எடுக்கப்பட்டவை.' பணிமனைக்குப் பின்னால் இருப்பதுதான் கிழக்கு ஊற்றுக்குளம். பழைய வரைபடங்களில் அதற்கு அந்தப் பெயர்தான்.

"அண்ணா" என்றேன். திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

அவன் எழுந்ததில் வாளி விழுந்து உருண்டது. திரைக்கு மிக அருகில் வந்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். பிறகு என் மேசை விளிம்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதான். நானும் அழுதேன். பக்கத்து மேசைக்காரர் ஒருவர் கைக்குட்டையை நீட்டினார். அந்த ஒரு வரியை அச்செடுத்து அவன் கையில் கொடுத்தேன். "உங்க அண்ணிக்குச் சொல்லணும், உங்க அண்ணிக்குச் சொல்லணும்" என்று தன் சட்டைப்பையெல்லாம் தடவினான். கைப்பேசி வீட்டில் இருந்தது.

பக்க எண்ணைக் குறிக்க நான் முழுப் பக்கத்தைத் திறந்தேன். அந்த வரி பக்கத்தின் கடைசி வரி. குறிப்பு அடுத்த பக்கத்துக்குப் போயிற்று. நானும் போனேன்.

நத்தையைக் காட்டியவர் தபால் நிலைய எழுத்தர் ஒருவர். மலைச்சரிவில் உள்ள ஊற்றை ரயில் பாதைக்காக மூடப்போகிறார்கள் என்று அறிந்து, அங்கிருந்த நத்தைகளை ஒரு வாளியில் அள்ளிவந்து, சென்ற மழைக்கு முன் இந்தக் குளத்தில் தாமே விட்டதாகத் தெரிவித்தார். அதற்குமுன் இக்குளத்தில் அவை இருந்ததில்லை என்பதைத் தாம் நன்கு சோதித்ததாகவும், இப்போது அவை பெருகியிருப்பதாகவும் கூறினார். உறுப்பினருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது. கூட்டம் தேநீருடன் கலைந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். நான் வெட்டிய கிணறு இது. அண்ணன் போடவில்லை, இந்தத் தாள் அதைச் சொல்கிறது. ஆனால் யாரோ போட்டிருக்கிறார்கள். யார் கை என்பதைப் பற்றி வாரியத்தின் விதிக்கு அக்கறையில்லை.

அண்ணன் அந்த அச்சுத் தாளைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான், கண்ணீர் பட்டுவிட்டதென்று. நான் அடுத்த பக்கத்தை மூடினேன். அந்த ஒரு வரி போதும். நாளைக்கு அதைக் காட்டினால் குளமும் நிற்கும், இவனும் நிற்பான். மோப்பக்காரனிடமிருந்து எடுத்த விதியை நான் மறுபடி போட்டுவிட்டால் இந்தப் பக்கம் பழையபடி இருட்டுக்குப் போய்விடும். வேறு எவனும் தேடி வர முடியாது. என் விரல் அதற்காகவே விசையின் மேல் இருந்தது. அதில் எனக்குத் துளிகூடக் கூச்சம் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. மொட்டை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியோடு உட்கார்ந்திருக்கும் அண்ணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"முழுப் பக்கத்தையும் எடுத்துக் குடு பாப்பா" என்றான்.

"இது போதும்."

"ஒரு வரியைக் குடுத்தா வெட்டி ஒட்டினேன்னு சொல்லுவாங்க."

"போதும்னு சொல்றேன்ல."

நான் சொன்ன விதம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. தூணில் இருப்பதையும் துரும்பில் இருப்பதையும் பார்க்கிறவன், தங்கை முகத்தில் இருப்பதைப் பார்க்க மாட்டானா? என் நாற்காலியை மெல்ல ஒதுக்கிவிட்டு அவனே அந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் திறந்தான். கடைசிவரை வாசித்தான். தேநீர்வரை.

"நான் போடலைன்னு இருக்கு பாத்தியா" என்றான். குரலில் ஒரு பிள்ளையின் சந்தோஷம் இருந்தது. அது அப்படியே கரைந்து போனதையும் நான் பார்த்தேன். "குளம் போச்சு."

"போகாது. அடுத்த பக்கத்தை யாரும் திறக்க மாட்டாங்க அண்ணா. ஆள் பெயர்ப் பக்கத்தை விட்டுடுன்னு மோப்பக்காரனுக்கு இருந்த விதியைத் திரும்பப் போட்டுட்டா, தேடினாலும் கிடைக்காது. அந்த வக்கீலுக்கு லத்தீனும் தெரியாது, பொறுமையும் கிடையாது."

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா என்ன? நேர்மையை வச்சு நத்தைக்குத் தண்ணி ஊத்துவியா? மண்ணைக் கொட்டினா அதோட அழிஞ்சது. உலகத்துல வேற எங்கயும் இல்லைன்னு நீதானே சொன்னே?"

"இத்தனை மாசமா நான் பொய் சொல்லலை, நான் பொய் சொல்லலைன்னுதானே கத்திட்டிருக்கேன். நாளைக்குப் போய் முதல் தடவையா சொல்லச் சொல்றியா?"

நான் அவன் காலைப் பிடித்தேன். உண்மையாகவே குனிந்து, மேசைக்கடியில், வாளி கிடந்த இடத்தில் மண்டியிட்டுப் பிடித்தேன். "அண்ணிக்காக" என்றேன். "எனக்காக. உன் நத்தைக்காக." அவன் என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தான். வாளியை எடுத்துத் தூசி தட்டினான்.

"அந்த விதியைத் திரும்பப் போட்டுடாதே" என்றான். "அந்த எழுத்தர் பாவம். ஒரு தடவைதான் சொல்லியிருக்கார். அதையும் மறைச்சுட்டா அவர் எங்க போவார்?"

விசாரணை சீக்கிரமே முடிந்தது. வாரியத் தலைவி இரண்டு பக்கத்தையும் கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார். ஆசிரியர்மேல் எழுந்த சந்தேகத்துக்கு ஆதாரமில்லை என்றும், அவருக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு வாரியம் வருந்துகிறது என்றும் சொன்னார். அடுத்த மூச்சில், மனிதரால் விடப்பட்ட உயிர் என்பதால் விதி இந்தக் குளத்துக்குப் பொருந்தாது என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் அண்ணனிடம் வந்து கை குலுக்கினார். "பெரிய மனுஷன் சார் நீங்க" என்றார். எனக்கு அவர் கையைக் கடிக்க வேண்டும் போல இருந்தது.

நத்தைகளை வேறு தண்ணீருக்கு மாற்ற அனுமதி கேட்டோம். ஓர் உயிரைப் புதிய நீர்நிலையில் விடுவதற்கு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். விண்ணப்பம் முறைப்படி பரிசீலிக்கப்படும் என்றார்கள். மண் லாரிகளுக்கு அனுமதி ஏற்கெனவே கிடைத்திருந்தது. அனுமதி இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று அண்ணன் கேட்டான். அரசு ஊழியராக இருந்தால் வேலை போகும் என்று தலைவி வருத்தத்தோடு சொன்னார். கல்லூரி அரசுக் கல்லூரி.

வாசலில் அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுங்க. போகட்டும். வாங்க வீட்டுக்கு."

"தலைப்பாகை பூரா உயிரு" என்றான் அண்ணன்.

அதற்கப்புறம் அவன் வீட்டில் செய்ததெல்லாம் ஒன்றுதான். ஊரில் இருக்கிற கிணறு, ஓடை, ஊற்று எல்லாவற்றிலிருந்தும் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து, அதில் சில நத்தைகளைப் போட்டுப் பார்த்தான். ஜன்னலோரம் முழுக்கப் பாட்டில்கள். காலையில் எழுந்து பார்த்தால் அடியில் கறுப்பாக, அசையாமல், சிந்திய மிளகாகவே கிடக்கும். ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்தான். கடைசியில் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சிறு ஊற்றின் தண்ணீரில் மட்டும் கொஞ்சம் ஊர்ந்தன. பாதிக்குமேல் செத்தன, மீதி ஊர்ந்தன. "இவ்வளவுதான் கெடச்சது" என்றான்.

முதல் லாரி வந்து பணிமனை வாசலில் நின்ற அன்று காலை நாங்கள் மூவரும் குளத்துக்குப் போனோம். அண்ணி வீட்டில் இருந்த வாளி, குண்டான், பிள்ளைகள் குளிக்கும் தொட்டி எல்லாம் கொண்டுவந்திருந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, கல்லைப் புரட்டி, இலையைப் புரட்டி, சோற்றுக் கரண்டியால் சுரண்டி எடுத்தோம். பேச நேரமில்லை. லாரிக்காரர்கள் தேநீர் குடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்ததைவிட விட்டது அதிகம். ஒவ்வொரு கல்லுக்கடியிலும் அவை இருந்தன. நான் புரட்டாத கல்லெல்லாம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தக் காவலாளி வந்தார், படம் எடுத்தவர். கைப்பேசியைப் பாதி தூக்கிவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்ததும் கீழே இறக்கினார்.

"எடுப்பா" என்றான் அண்ணன். வாளியை நன்றாகத் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தான். "இந்தத் தடவை நெஜம்."

அவர் எடுக்கவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து வாசல்வரை தூக்கிவந்தார்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் ஊற்று ஒரு மேசை அகலம்கூட இருக்காது. அண்ணன் அதன் ஓரத்தில் குந்தினான். வாளியில் ஊற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தான், நத்தைகளுக்குக் குளிர் பழகட்டும் என்று.  பிறகு என்னைப் பார்த்தான்.

"அந்தச் சங்கம் இன்னும் இருக்குல்ல?"

"பேருக்கு இருக்கு. வருஷத்துக்கு ஒரு இதழ் போடறாங்க."

"அதுக்கு ஒரு குறிப்பு அனுப்பணும். எழுதிக்கோ. இன்ன தேதி. கல்லறைத் தோட்டத்து ஊற்று. கிழக்கு ஊற்றுக்குளத்துலேர்ந்து எடுத்தது. இதுக்கு முன்னாடி இங்க அது இருந்ததில்லை, நல்லாப் பாத்தாச்சு."

நான் கைப்பேசியில் எழுதினேன். அவன் நத்தையின் பெயரைச் சொன்னான், இரண்டு சொல்லும். அதையும் எழுதினேன்.

"நான்தான் போட்டேன்னு எழுது."

என் விரல் நின்றுவிட்டது. "அண்ணா, வேலை போயிடும். யாரோ போட்டாங்கன்னு எழுதறேன். இல்ல, எழுதாமயே விட்டுடலாம்."

"எழுதாம விட்டா, நாளைக்கு இந்த ஊத்தை மூட வரும்போது இன்னொரு வாத்தியாரைப் பிடிப்பாங்க."

நான் அண்ணியைப் பார்த்தேன். இவராவது தடுப்பார் என்று. அண்ணி ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார். அவர் முகம் அழுவதற்குத் தயாராக இருந்தது. ஆனால், "எழுதும்மா" என்றுதான் சொன்னார்.

"முழுப் பேரையும் போடு" என்றான் அண்ணன். "இனிஷியல் மட்டும் போட்டா உன் மோப்பக்காரன் முழிப்பான்."

நான்தான் போட்டேன் என்று எழுதி, கீழே அவன் பெயரை முழுதாக எழுதினேன். அவன் வாளியைச் சாய்த்தான். நத்தைகள் தண்ணீரில் சரிந்து அடிக்குப் போயின. சில போகவில்லை, மேலேயே மிதந்தன. அண்ணி குனிந்து, மிதந்தவற்றை உள்ளங்கையில் அள்ளி, உயிர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.